ஓடைக் கல்லைப் புரட்டினால்

சேந்தமங்கலத்திலிருந்து காளப்பநாயக்கன்பட்டி, காரவள்ளி வழியாக 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிக் கொல்லிமலைக்கு வருகிறவர்கள் அறப்பளீஸ்வரரைக் கும்பிட்டு, ஆகாய கங்கையில் நனைந்துவிட்டுத் திரும்புவார்கள். எனக்கு வழியில் குறுக்கிடும் சின்ன ஓடைகள்தான் முக்கியம். இறங்கிக் கல்லைப் புரட்டாமல் தாண்டிப் போக மனம் வராது.

மரநிழலில் ஓடும் ஓடையில் ஒரு கல்லைத் திருப்பினால் அதன் அடியில் ஒரு தெருவே குடியிருக்கும். மூன்று வாலிழைகளோடு மேஃப்ளை என்னும் பூச்சியின் இளசுகள் வெளிச்சம் பட்டதும் மறுபக்கம் ஓடும். வாயில் சுரக்கும் பட்டிழையால் மணலையும் சருகுத் துண்டுகளையும் ஒட்டிக் கூடு கட்டியிருக்கும் கேடிஸ்ஃப்ளை புழு. அதன் இன்னொரு வகை கல்லிடுக்கில் வலை பின்னி, நீரோட்டம் கொண்டுவரும் தீனியை வடித்துத் தின்னும். ஸ்டோன்ஃப்ளை இருந்தால் மனம் நிறைந்துவிடும். குளிர்ந்த, ஆக்சிஜன் மிகுந்த, ஓடுகிற நீர் இல்லாமல் அது பிழைக்காது.

அதே ஓடை மரவள்ளிக் காட்டைத் தாண்டிய பிறகு கல்லைப் புரட்டிப் பாருங்கள். கையில் சேறுதான் வழுக்கும். மரவள்ளியை அகலமாக இடைவெளி விட்டு நடுகிறோம். அறுவடை என்றால் கிழங்கோடு பிடுங்குகிறோம். சரிவில் இளகிய மண் அடுத்த மழையில் ஓடைக்கு வந்து கல்லிடுக்குகளை அடைத்துவிடுகிறது. பூச்சிக்கு வீடே அந்த இடுக்குதான். கரையோர மரத்தையும் வெட்டிவிட்டால் சருகு விழாது, அதைத் தின்று வாழும் புழுக்களுக்கு உணவில்லை. வெயில் நேராக விழுந்து நீரும் சூடேறும். கடல் மட்டத்தில் 20 டிகிரி நீர் லிட்டருக்கு சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும்; 30 டிகிரியில் ஏழரைதான். கடைசியில் மிஞ்சுவது, உடம்பில் ஹீமோகுளோபின் இருப்பதால் குறைந்த ஆக்சிஜனிலும் தாக்குப்பிடிக்கும் சிவப்புப் புழுக்கள். எண்ணிக்கையில் அவை ஏராளமாக இருக்கலாம், வகை போய்விட்டது.

இதற்காக இம்மலையின் மலையாளிப் பழங்குடி விவசாயியைக் குற்றம் சொல்ல நான் தயாரில்லை. கீழே ஜவ்வரிசி ஆலைகள் மரவள்ளிக்கு ரொக்கம் கொடுத்தன. சாமைக்கும் தினைக்கும் கேழ்வரகுக்கும் அப்படி யார் கொடுத்தார்கள்? எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இங்கே பல ஆண்டுகளாகச் சிறுதானியங்களை மீட்க உழைத்ததற்குக் காரணமே அவை வயலை விட்டுப் போய்க்கொண்டிருந்ததுதான்.

பூச்சியை வைத்து நீரை அறிவது வெறும் பொழுதுபோக்கு இல்லை. பாட்டிலில் பிடித்த நீர் அந்த நேரத்து நிலையை மட்டும் சொல்லும். மாதக்கணக்கில் அங்கேயே வளர்ந்த பூச்சி, நடுவில் என்ன நடந்தது என்பதையும் சொல்லும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் ஆற்று நீரை மதிப்பிட இவ்வகை உயிர்களைக் கணக்கில் எடுக்கும் முறையை வகுத்திருக்கிறது. மதுரையில் கே.ஜி. சிவராமகிருஷ்ணன் மேஃப்ளைகளையே வாழ்நாள் படிப்பாகக் கொண்டவர். 1984-இல் அவர் விவரித்த ஓர் இனம் குற்றாலத்தின் பெயரைத் தாங்கி நிற்கிறது: பீட்டர்சுலா கோர்டாலென்சிஸ்.

அறப்பளீஸ்வரர் கோயிலருகே ஓடும் ஐயாற்றின் மீனைத் தெய்வமாக எண்ணிப் பொரி போடுகிறோம். வெட்டிச் சமைத்த மீன்கூடப் பொருந்தி நீந்திப் போனதாகத் தலபுராணம் உண்டு. மீனைக் காக்கத் தெரிந்த மக்கள் அது தின்னும் பூச்சியையும் காக்க முடியும். கோயில் காடுகளில் கத்தி படாத மரங்கள் இன்னும் நிற்கின்றன. அந்தக் கட்டுப்பாட்டை ஓடையின் இரு கரைகளுக்கும் நீட்டினால் போதும். கரையோரம் மரத்தையும் புதரையும் ஒரு பட்டையாக விட்டுவைத்தால், சரிந்து வரும் மண்ணில் ஒரு பகுதி அங்கேயே தங்கிவிடும். வனத்துறையும் ஊராட்சிகளும் இதை முதல் வேலையாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

மலையேறி வருகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். சோப்பும் ஷாம்பூவும் கலந்த நீரில், மேற்பரப்பில் நடக்கும் பூச்சி மூழ்கிவிடும். அவற்றை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். இறங்கும்போது மலையில் விளைந்த சாமை ஒரு கிலோவாவது வாங்கிப் போங்கள்.