சைபருக்கு சைபர்

கல்லூரி அணிக்காக நான் முழுதாக ஆடியது ஒரே ஒரு மேட்ச்தான். மற்ற நாட்களில் எல்லாம் பெஞ்ச். தண்ணீர் பாட்டிலும் மற்றவர்களின் செருப்பும் என் பொறுப்பு. இரண்டாவது கோல்கீப்பர் என்றால் அவ்வளவுதான். ஸ்ட்ரைக்கருக்குக் கால் பிசகினால் இன்னொருவன் பத்து நிமிடமாவது இறங்குவான். கோலியை யாரும் அப்படி மாற்றுவதில்லை.

2006 ஜனவரியில் எங்கள் முதல் கோலிக்கு மஞ்சள் காமாலை வந்தது. கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியின் லீக் சுற்றில் கடைசி ஆட்டம். டிரா செய்தால் போதும், அரையிறுதிக்குப் போய்விடலாம். அரையிறுதிக்குத்தான் பல்கலைக்கழக அணிக்கு ஆள் எடுப்பவர்கள் வருவார்கள். எங்கள் கேப்டனுக்கு அது கடைசி வருடம். பல்கலைக்கழக அணியில் ஆடிய சான்றிதழ் கையில் இருந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் போலீஸிலோ ரயில்வேயிலோ முயற்சி செய்யலாம். அவர் எங்கள் ஊர்தான், கன்னியாகுமரிக் கடற்கரை. என் வீட்டிலிருந்து நாலாவது வீடு. நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன்.

இரண்டாவது பாதியில் பக்கம் மாறினோம். மேற்கு வெயில் நேராக என் கண்ணில். எழுபதாவது நிமிடம் இருக்கும். அவர்கள் டிஃபெண்டர் ஒருவன் பாதி மைதானத்திலிருந்து சும்மா தூக்கி அடித்தான். பந்து மேலே போனது தெரிந்தது. அப்புறம் வெயிலுக்குள் போய்விட்டது. எனக்கு முன்னால் குத்தி, தலைக்கு மேலே எழும்பி, வலைக்குள் விழுந்த சத்தம்தான் அடுத்து கேட்டது.

ஒன்றுக்கு சைபர். திரும்பி வரும் பஸ்ஸில் யாரும் என்னைத் திட்டவில்லை. அண்ணன் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். திட்டியிருக்கலாம்.

அடுத்த ஐந்து மாதம் அவர் என்னிடம் பேசவில்லை. சண்டை என்று சொல்ல முடியாது. எதிரே வந்தால் தலையசைப்பார், அவ்வளவுதான்.

ஜூன் மாதம் உலகக் கோப்பை வந்தது. எங்கள் ஊரில் உலகக் கோப்பை என்றால் தெருவுக்குத் தெரு கொடி. பாதி ஊர் பிரேசில், பாதி ஊர் அர்ஜென்டினா. படிப்பகத்தில் வசூல் போட்டு பெரிய டிவி வாடகைக்கு எடுத்திருந்தார்கள். ஜூன் 10, சனிக்கிழமை. நடுராத்திரி தாண்டி அர்ஜென்டினாவுக்கும் ஐவரி கோஸ்டுக்கும் ஆட்டம். இடம் பிடிக்க ஒன்பது மணிக்கே போய் உட்கார்ந்தேன். வெளியே நல்ல மழை. அப்போது ஓடிக்கொண்டிருந்தது யாருக்கும் தேவைப்படாத நடு மேட்ச். ஸ்வீடனும் டிரினிடாட் அண்ட் டொபேகோவும்.

டிரினிடாட் எங்களுக்குக் கிரிக்கெட்டில் தெரியும். லாரா ஊர். கால்பந்தில் ட்வைட் யார்க்கைத் தெரியும், மான்செஸ்டர் யுனைடெட்டில் 1999இல் மூன்று கோப்பை வாங்கிய அணியில் சிரித்துக்கொண்டே கோல் போட்டவர். அவருக்கு இப்போது முப்பத்து நாலு வயது, கேப்டன். மற்ற பெயர்கள் எதுவும் பரிச்சயமில்லை. அந்த நாட்டின் மொத்த மக்கள்தொகை சுமார் 13 லட்சம். எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் அதைவிட அதிகம் பேர் இருக்கிறோம். அதுவரை உலகக் கோப்பைக்கு வந்ததிலேயே மிகச் சிறிய நாடு அதுதான். எதிரே ஸ்லாட்டன் இப்ராஹிமோவிச், ஹென்ரிக் லார்சன், லியூங்பெரி.

"எத்தன விழும்?" என்று யாரோ கேட்டார்கள். "அஞ்சு" என்றார் ஒருவர். அஞ்சு என்பதே பெருந்தன்மை என்ற மாதிரி சிரித்தார்கள்.

அப்போதுதான் வர்ணனையில் ஒன்று சொன்னார்கள். டிரினிடாட்டின் முதல் கோலி கெல்வின் ஜாக்குக்கு வார்ம்-அப்பில் காயம். மாற்றாக ஷாகா ஹிஸ்லப்.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். எனக்கு இரண்டு வரிசை முன்னால் அண்ணன் இருந்தார். அவர் திரும்பி ஒரு நொடி என்னைப் பார்த்தார்.

ஹிஸ்லப்புக்கு வயது முப்பத்தேழு. கேமரா அருகில் போனபோது நெடிய மனிதர், மொட்டைத் தலை, முகத்தில் பதற்றமே இல்லை. அவரைப் பற்றி அப்புறம்தான் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து படித்தேன். லண்டனில் பிறந்து டிரினிடாட்டில் வளர்ந்தவர். அமெரிக்காவில் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்தார். பிறகு இங்கிலாந்தில் தொழில்முறை ஆட்டம். நியூகாசில் அணியில் இருந்தபோது பெட்ரோல் பங்க் ஒன்றில் சில பையன்கள் அவருடைய நிறத்தைச் சொல்லிக் கத்தியிருக்கிறார்கள். இவர் யார் என்று தெரிந்ததும் அதே பையன்களில் ஒருவன் கையெழுத்து கேட்டு வந்திருக்கிறான். அதற்குப் பிறகு பள்ளிக்கூடங்களுக்குப் போய் நிறவெறியைப் பற்றிப் பேசும் ஓர் இயக்கம் இங்கிலாந்தில் உருவாக அவர் ஒரு காரணம்.

இதெல்லாம் அன்று ராத்திரி எனக்குத் தெரியாது. தெரிந்தது ஒன்றுதான்: கடைசி நேரத்தில் கூப்பிட்டு கிளவுஸ் போடச் சொன்னால் வயிற்றுக்குள் என்ன நடக்கும் என்பது.

முதல் பாதி சைபருக்கு சைபர். இரண்டாவது பாதி தொடங்கிய உடனே டிஃபெண்டர் ஏவரி ஜானுக்கு இரண்டாவது மஞ்சள் அட்டை. பத்துப் பேர். "முடிஞ்சுது" என்றார்கள். டிரினிடாட்டின் பயிற்சியாளர் லியோ பீன்ஹாக்கர், நெதர்லாந்துக்காரர். ஆள் குறைந்தால் எல்லோரும் இன்னொரு டிஃபெண்டரைத்தான் இறக்குவார்கள். அவர் கார்னல் கிளென் என்ற ஃபார்வர்டை இறக்கினார். கிளென் அடித்த ஒரு பந்து கோல் கம்பத்தின் மேல்கட்டையில் பட்டுத் திரும்பியது. படிப்பகத்தில் பாதிப் பேர் அப்போதுதான் எழுந்து நின்றார்கள்.

யார்க் ஒரு ஸ்ட்ரைக்கராகத் தெரியவே இல்லை. நடு மைதானத்துக்கும் பின்னால் நின்று பந்தைப் பிடுங்கிப் பிடுங்கி மற்றவர்களிடம் கொடுத்துக்கொண்டிருந்தார். ஸ்வீடன் அடித்தது, அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. ஹிஸ்லப் பாய்ந்தார், தட்டினார், காலால் தடுத்தார். அவர் பந்தைப் பிடித்துவிட்டால் உடனே எழுந்திருக்க மாட்டார். நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தரையில் கிடப்பார். நேரத்தைக் கடத்துகிறார் என்று யாரோ கத்தினார்கள். எனக்கு அது பிள்ளையை அணைத்துக்கொள்வது போலத் தெரிந்தது.

கடைசி விசில் ஊதியபோது சைபருக்கு சைபர். டிரினிடாட் ஆட்கள் கோப்பை வாங்கியதுபோலக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். கோலே விழாத ஓர் ஆட்டத்துக்காக எங்கள் படிப்பகத்தில் கை தட்டிப் பார்த்தது அன்றுதான்.

அண்ணன் எழுந்து வெளியே போகும்போது என் பக்கத்தில் நின்றார்.

"இது கோலியோட மேட்சுலே மக்கா" என்றார்.

"ஆமாண்ணே."

"டீ குடிக்கியா?"

அர்ஜென்டினா மேட்சின் முதல் பத்து நிமிடத்தை நாங்கள் பார்க்கவில்லை. மழையில் டீக்கடைத் தார்ப்பாய்க்குக் கீழே நின்றிருந்தோம். ஜனவரி மாதத்தைப் பற்றி இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்த வாரம் பிரவுசிங் சென்டரில் மணிக்கு இருபது ரூபாய் கொடுத்து டிரினிடாட்டைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். அப்படித்தான் 1989 நவம்பர் 19க்குப் போய்ச் சேர்ந்தேன்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. தலைநகர் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் அமெரிக்காவோடு தகுதிச்சுற்றின் கடைசி ஆட்டம். டிரினிடாட்டுக்கு டிரா போதும், 1990 உலகக் கோப்பைக்கு இத்தாலி போகலாம். அமெரிக்கா ஜெயித்தே ஆகவேண்டும். நாடே சிவப்புச் சட்டை போட்டிருந்தது. கொண்டாடுவதற்காக மறுநாளை முன்கூட்டியே விடுமுறையாக அறிவித்துவிட்டார்கள். இருக்கைகளைவிட அதிகமாக டிக்கெட் விற்றிருந்தார்கள். டிக்கெட் வைத்திருந்த பலர் உள்ளே போக முடியவில்லை. 'ஸ்ட்ரைக் ஸ்குவாட்' என்று பெயர் பெற்ற அந்த அணியில் பதினெட்டு வயதுப் பையனாக யார்க் இருந்தார். ரசல் லட்டாப்பியும் இருந்தார்.

முப்பதாவது நிமிடத்தை ஒட்டி பால் கலிஜியூரி என்ற அமெரிக்க வீரர் வெகு தூரத்திலிருந்து இடது காலால் ஒரு பந்தைத் தூக்கி அடித்தார். கோலி மைக்கேல் மாரிஸின் கண்ணுக்கு எதிரே வெயில் என்று சொல்கிறார்கள். பந்து வளைந்து இறங்கி உள்ளே போனது. ஒன்றுக்கு சைபர். அப்படியே முடிந்தது.

அந்த வரியைத் திரையில் படித்தபோது கேபினில் ஃபேன் சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது. நான் என் ஊர் மைதானத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

தோற்ற பிறகு நடந்ததுதான் எனக்கு முக்கியம். ஸ்டேடியத்தில் கலவரம் எதுவும் நடக்கவில்லை. கல் எறியவில்லை. அவ்வளவு பெரிய கூட்டம் தோல்வியை அமைதியாக ஏற்றுக்கொண்டதற்காக, அந்த வருடத்தின் நேர்மை ஆட்ட விருதை ஃபிஃபா டிரினிடாட் ரசிகர்களுக்குக் கொடுத்தது. ஆனால் அந்த மனிதர் மறுநாள் விடுமுறை நாளில் எந்தத் தெருவில் எப்படி நடந்தார்? திட்டாத ஊரில் நடப்பது எப்படி இருக்கும் என்று எனக்குக் கொஞ்சம் தெரியும்.

அதற்குப் பிறகு பதினாறு வருடம். 2006க்கான கடைசிச் சுற்றில் முதல் மூன்று ஆட்டத்தில் ஒரே ஒரு புள்ளி. பயிற்சியாளரை மாற்றி பீன்ஹாக்கரைக் கொண்டுவந்தார்கள். கடைசி நாளில் மெக்சிகோவை 2-1 என்று வென்று பஹ்ரைனோடு பிளே-ஆஃபுக்குப் போனார்கள். சொந்த ஊரில் 1-1. அந்த ஒரு கோலைப் போட்ட கிறிஸ் பிர்ச்சல் இங்கிலாந்தில் பிறந்த வெள்ளைக்காரர், அம்மா போர்ட் ஆஃப் ஸ்பெயினில் பிறந்தவர். நவம்பர் 16, 2005, மனாமா. யார்க் அடித்த கார்னரை டென்னிஸ் லாரன்ஸ் என்ற நெட்டையான டிஃபெண்டர் தலையால் முட்டி உள்ளே தள்ளினார். அவர் அப்போது ரெக்ஸம் என்ற சின்ன கிளப்பில், இங்கிலாந்து லீக்கின் நான்காம் அடுக்கில் ஆடிக்கொண்டிருந்தார். அந்த ராத்திரி பஹ்ரைனை ஒரு கோலும் போடவிடாமல் பார்த்துக்கொண்ட கோலி கெல்வின் ஜாக். உலகக் கோப்பைக்குக் கூட்டிப்போனவர் அவர், முதல் ஆட்டத்துக்கு முன்பு வார்ம்-அப்பில் காயம் பட்டு உட்கார்ந்ததும் அவரேதான். ஹிஸ்லப்பைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் அவரை மறந்துவிடுகிறோம்.

ஸ்வீடனுக்குப் பிறகு என்ன ஆனது என்பதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஜூன் 15, இங்கிலாந்து. எண்பத்து மூன்றாவது நிமிடம் வரை சைபருக்கு சைபர். அப்போது பீட்டர் கிரவுச், டிஃபெண்டர் பிரெண்ட் சாஞ்சோவின் சடைமுடியைப் பிடித்து இழுத்தபடி தலையால் முட்டினார். நடுவர் பார்க்கவில்லை. கூடுதல் நேரத்தின் முதல் நிமிடத்தில் ஜெரார்ட் இன்னொன்று. ஒரு மாதம் முன்புதான், மே 13 அன்று, எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்தில் வெஸ்ட் ஹாமுக்காக ஹிஸ்லப் நின்றார். அதிலும் கூடுதல் நேரத்தின் முதல் நிமிடத்தில், வெகு தூரத்திலிருந்து ஜெரார்ட் அடித்து சமன் செய்தார். லிவர்பூல் பெனால்டியில் ஜெயித்தது. ஒரே ஆள், ஒரே நிமிடம், ஐந்து வார இடைவெளியில் இரண்டு முறை.

மூன்றாவது ஆட்டம் பராகுவே, 2-0 தோல்வி. காயம் ஆறிய ஜாக் அதில் தொடங்கினார். பாதிக்குள் மறுபடி காயம், மறுபடி ஹிஸ்லப் உள்ளே வந்தார். முப்பத்தேழு வயது லட்டாப்பியையும் அன்றுதான் இறக்கினார்கள். ஒரு கோல்கூடப் போடாமல், ஒரே ஒரு புள்ளியோடு ஊர் திரும்பினார்கள். ஊர் திரும்பிய பிறகு போனஸ் பணத்துக்காக வீரர்கள் தங்கள் சங்கத்தோடு பல வருடம் வழக்காட வேண்டியிருந்தது. அந்தச் சங்கத்தில் எல்லாமாக இருந்த ஜாக் வார்னரை 2015இல் ஃபிஃபா ஆயுள் முழுக்கத் தடை செய்தது. 1989இல் அளவுக்கு மீறி டிக்கெட் விற்றபோதும் அவர்தான் செயலாளர்.

அண்ணனுக்கு வேலை கிடைக்கவில்லை. அந்த வருடக் கடைசியில், எங்கள் ஊரில் பலர் போவதுபோல, வளைகுடாவுக்கு மீன்பிடிக்கப் போனார். போனது பஹ்ரைன். அங்கிருந்து முதல் முறை ஃபோன் செய்தபோது, "இங்க டிரினிடாடுன்னு மட்டும் சொல்லப்பிடாதுலே, அரபிக்குக் கோவம் வருது" என்று சிரித்தார்.

2017 அக்டோபர் 11, விடியற்காலை. அவர்களுக்கு முந்தின நாள் ராத்திரி. டிரினிடாட்டின் கூவா நகரத்தில் அமெரிக்காவோடு ஆட்டம். டிரினிடாட் எப்போதோ வெளியேறிவிட்டது, கடைசி இடம், அதுவரை ஒரே ஒரு வெற்றி. இந்த முறை டிரா போதும் என்ற நிலையில் இருந்தது அமெரிக்கா. ஸ்டேடியத்தில் ஆயிரத்துச் சொச்சம் பேர். பயிற்சியாளர் டென்னிஸ் லாரன்ஸ், மனாமாவில் தலையால் முட்டிய அதே ஆள்.

ஃபோனில் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் அமெரிக்காவின் சொந்த கோல் ஒன்று. அப்புறம் ஆல்வின் ஜோன்ஸ் வெகு தூரத்திலிருந்து ஒன்று அடித்தார். பந்து டிம் ஹோவர்டின் கைக்கு எட்டாமல் வளைந்து உள்ளே போனது. 2-1. அமெரிக்கா உலகக் கோப்பைக்குப் போகவில்லை. இருபத்தெட்டு வருடக் கணக்கு தீர்ந்தது என்று எல்லோரும் எழுதினார்கள். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் நான் திரும்பத் திரும்பப் பார்த்தது ஹோவர்ட் எழுந்து, வலைக்குள்ளிருந்து பந்தை எடுக்கப் போகும் அந்த இரண்டு நொடியை. அங்கே வெயில்கூட இல்லை, ராத்திரி.

அண்ணனுக்கு அதை அனுப்பினேன். போட்டில் இருந்திருப்பார் போல, மறுநாள்தான் வாய்ஸ் மெசேஜ் வந்தது. பின்னால் இன்ஜின் சத்தம்.

"பாத்தேன் மக்கா. நல்ல அடி. எந்தக் கோலியும் பிடிக்க முடியாது." கொஞ்ச நேரம் இன்ஜின் மட்டும். "அன்னைக்கு ஒனக்கு அடிச்சானே, அதும் அப்படித்தான்."

பன்னிரண்டு வருடம் ஆகப்போகிறது, அந்த ஆட்டத்தைப் பற்றி அவர் பேசிய முதல் வார்த்தை. பதில் சொல்ல மூன்று முறை பேசிப் பேசி அழித்தேன். கடைசியில், "ஊருக்கு எப்போண்ணே வருவீங்க?" என்று மட்டும் கேட்டு அனுப்பினேன்.