தந்தையாரின் வண்டியும் பாட்டுப் பெட்டியும்

எம் தந்தையார் 2002-இல் வாங்கிய மோட்டார் வண்டி அவர் மறைவிற்குப் பின் எம்மிடம் வந்தது. வண்டியோடு ஆலையிலேயே பொருத்தப்பெற்ற பாட்டுப் பெட்டியில், அவர் இறுதியாகக் கேட்ட கேசட் அப்படியே இருந்தது. எமது கைப்பேசிப் பாடல்களையும் அப்பெட்டியிற் கேட்க விரும்பினோம். "பழையதைக் கழற்றி எறிந்துவிடுங்கள், ஐயா" என்றார் கடைக்காரர். மனம் ஒப்பவில்லை. கேசட் வடிவிலமைந்த கருவியொன்றைச் செருகலாமென்றார் ஒரு நண்பர். அதற்கு உள்ளிருப்பதை எடுக்க வேண்டுமே!

முதலிற் சிறியதோர் எப். எம். ஒலிபரப்பி வாங்கினோம். ஊரெல்லை கடந்ததும் வேறொரு நிலையம் அதே அலைவரிசையிற் புகுந்து எம் பாட்டை விழுங்கிற்று. பின்னரே பெட்டியின் முதுகில் சி. டி. சேஞ்சருக்கென விட்டிருந்த இணைப்புத் துளையைக் கண்டோம். அதில் வெறுங் கம்பியைச் செருகிப் பயனில்லை; சேஞ்சரே மறுமொழி கூறுவதுபோல் நடிக்குங் கருவி இருந்தாலன்றி அவ்வழி திறவாது. அத்தகைய புளூடூத் கருவியொன்றைத் தேடிப் பொருத்தினோம். பத்தாம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட ஹெரால்ட் மன்னரின் பட்டப்பெயராம் அது. அவர் எம் வண்டி வரை வந்தது வியப்பே.

பாட்டு வந்தது, கூடவே ஒரு சீழ்க்கையும் வந்தது. எஞ்சின் விரையுந்தோறும் அதன் சுருதியும் ஏறிற்று. கருவியின் எர்த்துக் கம்பியை வேறோரிடத்திற் கட்டியது எம் பிழை. பெட்டியின் எர்த்தோடு அதனைச் சேர்த்ததும் சீழ்க்கை அடங்கிற்று.

அன்று மாலை அன்னையாரை அழைத்துச் சென்றோம். புதிய பாடல்களைச் சிறிது கேட்டவர், "அப்பாவின் கேசட் இன்னும் பாடுமா?" என்றார். பொத்தானை அமிழ்த்தினோம். பாடிற்று.