‘அழி’ என்றொரு லிங்க்

2005 மே மாதம் கூகுள் ‘வெப் ஆக்சிலரேட்டர்’ என்றொரு மென்பொருளை வெளியிட்டது. பக்கத்தில் உள்ள லிங்க்குகளை நாம் தொடும் முன்பே இழுத்து வைத்துக்கொள்ளும், வேகம் கூடுமாம். சில தளங்களில் ‘அழி’ என்பதும் வெறும் லிங்க்தான். அதையும் இழுத்தது. பயனர்கள் எழுதி வைத்திருந்தவை காணாமல் போயின.

பலர் கூகுளைத் திட்டினார்கள். என் கட்சி வேறு. லிங்க்கைத் தொட்டாலும் இழுத்தாலும் சர்வருக்குப் போவது ‘கெட்’ (GET) என்ற கோரிக்கை. அது ‘காட்டு’ என்று கேட்க மட்டும்தான். அதனால் சர்வரில் எதுவும் மாறக் கூடாதென்று 1999-இலேயே எச்.டி.டி.பி. (HTTP) விதி எழுதியாகிவிட்டது. மாற்றத்தானே போஸ்ட், புட், டெலிட் என்ற மற்ற கோரிக்கைகள் எல்லாம்! போஸ்ட் இருமுறை போனால் இரண்டு ஆர்டர் விழலாம்; பணம் கட்டும் பக்கம் ‘ரெஃப்ரெஷ் செய்யாதீர்கள்’ என்று கெஞ்சுவது அதற்குத்தான். புட் எத்தனை முறை போனாலும் விளைவு ஒன்றே.

கோட் எழுதும் தம்பி தங்கைகளே, அழிக்கிற வேலையைக் கெட்டிடம் கொடுக்காதீர்கள்.