சீரிஸ் பல்பு

சென்னை ரிச்சி தெருவில் செல்போன் பாகங்களும் சிசிடிவி கேமராக்களும் குவிந்த கடைகளுக்கு நடுவே ஒரு குறுகிய மாடிப்படி. ஏறினால் வால்வு ரேடியோவும் ரெக்கார்டு பிளேயரும் மட்டுமே பழுது பார்க்கும் பட்டறை. நான் போனபோது பெரியவர் ஒரு பழைய பிலிப்ஸ் செட்டின் முதுகு அட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். கொண்டுவந்த அம்மா பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். பல வருடம் பரணில் கிடந்ததாம்.

"வீட்ல பிளக்குல சொருகிப் பார்த்தீங்களாம்மா?"

"இல்லைங்க."

"நல்லவேளை."

எலக்ட்ரோலிடிக் கண்டென்சருக்குள் மெல்லிய ஆக்சைடு படலம் இருக்கிறது. கரண்ட் காணாமல் கிடந்தால் அது நலிந்துபோகும். அந்த நிலையில் 230 வோல்ட்டும் ஒரேயடியாகப் பாய்ந்தால் கண்டென்சர் ஷார்ட் ஆகி, டிரான்ஸ்பார்மரையும் சேர்த்துக் கொளுத்திவிடும். அதற்காகத்தான் பெரியவரிடம் சீரிஸ் போர்டு. மின்சாரம் ஒரு 100 வாட் குண்டு பல்பின் வழியாகத்தான் செட்டுக்குப் போகும். பல்பு முழு வெளிச்சத்தில் நின்றால் உள்ளே ஷார்ட். பளிச்சென்று எரிந்து மங்கினால் பயமில்லை. அன்று மங்கியது.

கொஞ்ச நேரத்தில் பாட்டே வந்துவிட்டது. அம்மா எழுந்தே விட்டார். பெரியவர் மட்டும் சேஸிஸைக் கவிழ்த்து, இஎல்84 வால்வின் இரண்டாவது பின்னில் மீட்டரை வைத்தார். அங்கே வோல்ட் ஏதும் காட்டக்கூடாது. முள்ளோ மெல்ல ஏறியது. முந்தைய கட்டத்திலிருந்து வோல்டேஜைக் கசியவிட்டது, மெழுகு பூசிய ஒரு காகிதக் கண்டென்சர். செட் பாடிக்கொண்டேதான் இருக்கும்; வால்வு அளவுக்கு மீறிக் கரண்டை இழுத்து, அவுட்புட் டிரான்ஸ்பார்மரின் முடி போன்ற செம்புக்கம்பி ஒருநாள் அறுந்துபோகும். அதைத் திரும்பச் சுற்றித் தருகிறவர்கள் இப்போது அரிது. இந்தக் கண்டென்சரின் விலையோ ஒரு டீக்காசு. சால்டர் வைத்து மாற்றினார், முள் இறங்கியது. பாடுகிற செட்டையும் சந்தேகப்படுகிற இந்தக் கைக்குத்தான் நான் முதல் மரியாதை தருவேன்.

இந்த செட்டுகள் நிலைப்பதன் காரணம் சேஸிஸின் அடியைப் பார்த்தாலே புரிகிறது. பாகங்கள் டேக் ஸ்டிரிப்பில் விரல் போகிற இடைவெளியோடு பற்றவைக்கப்பட்டிருக்கின்றன. வால்வைப் பிடுங்கி வேறொன்றைச் சொருகலாம். தேய்வது தேயும், அதை மாற்ற வழியும் இருக்கட்டும் என்று நினைத்தே செய்திருக்கிறார்கள்.

அதற்காகப் பழசெல்லாம் உறுதி என்று சொல்லமாட்டேன். மூலையில் இரண்டு ஸ்பீக்கர்கள் கிடந்தன. ஐம்பதுகளின் பாணியில், கூம்பின் விளிம்பும் மடித்த காகிதமாகவே இருந்தது ஒன்று. அது இன்னும் முழுசாக இருந்தது. அதைவிட இளையதான எண்பதுகளின் ஸ்பீக்கருக்கு ஃபோம் விளிம்பு. சென்னையின் ஈரக்காற்று அதை அரித்திருந்தது. தொட்டதும் கருப்புத் தூளாக விரலில் ஒட்டியது. இரண்டில் ஒன்றை வாங்கச் சொன்னால் நான் காகித விளிம்பைத்தான் எடுப்பேன்.

பட்டறையில் வேலை கற்கும் பையன் செல்போன் ரிப்பேரிலிருந்து வந்தவன். பலகை முழுவதையும் மாற்றிப் பழகியவனுக்கு, ஒரு பாகத்தைத் தேடிப் பிடிக்கும் பொறுமையைத்தான் பெரியவர் முதலில் கற்றுத்தருகிறார். மீட்டரை அவன் கையில் கொடுத்து, ஒவ்வொரு பின்னாக அளந்து நோட்டில் எழுதச் சொன்னார்.

அம்மா பணத்தை எண்ணிக் கொடுத்தார்.

"மறுபடி பரண்ல ஏத்திடாதீங்கம்மா. மாசம் ரெண்டு தடவையாவது அரைமணி நேரம் பாட விடுங்க. சும்மா கிடந்தா கண்டென்சர் படுத்துடும்."