எண்களைக் காத்தவர்கள்

ஆட்சியின் அதிகாரமெல்லாம் ஒருவர் கையில் குவியும்போது அதற்கு அணையிடுவது எது? அரசியல் சட்டமா? மக்களா? இவ்வினா எழும்போதெல்லாம் என் எண்ணம் பிலிப்பைன்ஸ் நாட்டை நோக்கிச் செல்கிறது.

1972-இல் குடியரசுத் தலைவர் மார்க்கோஸ் அந்நாட்டில் இராணுவச் சட்டத்தைப் பிறப்பித்தார். அதற்கான அதிகாரத்தை 1935-ஆம் ஆண்டின் அரசியல் சட்டமே அவருக்கு வழங்கியிருந்தது. நாடாளுமன்றம் மூடப்பட்டது, எதிர்த்தோர் சிறையில் அடைக்கப்பட்டனர். சட்டம் திறந்துவைத்த வாயில் வழியாகவே சர்வாதிகாரம் நுழைந்தது.

1986 பிப்ரவரியில், செபமாலை ஏந்திய மக்கள் மணிலாவின் எட்சா நெடுஞ்சாலையில் பீரங்கி வண்டிகளை மறித்து நின்றதை உலகம் அறியும். ஆயினும் என் உள்ளத்தை ஆழமாகத் தொட்டது, அதற்கு முன்னர் நிகழ்ந்த ஓர் எளிய செயல். பிப்ரவரி 7 அன்று தேர்தல் நடந்தது. 9-ஆம் நாள் இரவு, வாக்குகளைத் தொகுக்கும் கணிப்பொறிகளை இயக்கிய சுமார் 30 பேர், தாங்கள் பதிந்த எண்களும் பலகையில் காட்டப்பட்ட எண்களும் வேறுபடக் கண்டனர். உடனே பணியை விட்டு வெளியேறி, பக்ளரான் சகாய அன்னை ஆலயத்தில் அடைக்கலம் புகுந்தனர். 25-ஆம் நாள் மார்க்கோஸ் நாட்டைவிட்டு வெளியேறினார்.

ஆசிரியப் பணியிலிருந்தபோது நானும் பலமுறை வாக்குச்சாவடிகளில் பணியாற்றியவன். பதிவான வாக்குகளின் கணக்கில் கையொப்பமிடும் அந்த நொடியில், ஒரு தொகுதி மக்களின் நம்பிக்கை நம் பேனா முனையில் தங்கியிருப்பதை உணரலாம். ஆகவே அந்த முப்பது பேரின் துணிவு எத்தகையது என்பது எனக்கு ஓரளவு விளங்குகிறது.

1987-இல் அந்நாட்டினர் புதிய அரசியல் சட்டம் இயற்றினர். தலைவருக்கு ஆறாண்டுகள் கொண்ட ஒரே பதவிக்காலம். இராணுவச் சட்டத்திற்கு 60 நாள் வரம்பு. 48 மணி நேரத்தில் நாடாளுமன்றத்திற்கு அறிக்கை. மேலும், எந்தவொரு குடிமகனும் அதனை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தை நாடலாம். 30 நாளில் தீர்ப்பு வர வேண்டும். 2017-இல் மிண்டனாவோவில் இராணுவச் சட்டம் பிறப்பிக்கப்பட்டபோது குடிமக்கள் இவ்வுரிமையைப் பயன்படுத்தினர். நீதிமன்றம் அவர்களின் மனுக்களை ஏற்கவில்லை. எனினும் அரசு மன்றத்தில் நின்று காரணம் கூற வேண்டியதாயிற்று.

2022-இல் மார்க்கோசின் மகனே மக்கள் வாக்கால் குடியரசுத் தலைவரானார். ஒரு தலைமுறையின் தியாகம் அடுத்த தலைமுறைக்குத் தானாக வந்து சேர்வதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? சட்டம் வேலி மட்டுமே. பொய்க் கணக்குக்குத் துணைபோக மறுக்கும் எளிய மனிதர்கள் இருக்கும் வரைதான் அவ்வேலி நிலைக்கும். அம்மறுப்பைப் பிள்ளைகளுக்குக் கற்றுத்தரும் கடமை, நம் இல்லங்களுக்கும் பள்ளிகளுக்கும் உரியது.