மூக்கில் ஆபரேஷன்... வயிற்றில் எதற்குத் தையல்?

மயக்கம் தெளிந்ததும் அவருடைய கை வயிற்றைத் தடவியது. தொப்புளுக்குக் கீழே பிளாஸ்திரி. தொட்டால் வலித்தது.

``மூக்கு வழியாத்தானே ஆபரேஷன்னாங்க... வயித்துல எதுக்குத் தையல்?''

பக்கத்திலிருந்த மனைவிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. ``இப்படியும் செய்யவேண்டி வரலாம்னு டாக்டர் முன்னாடியே சொன்னாருங்க. தலையை ஆட்டிட்டுக் கையெழுத்துப் போட்டீங்களே!''

ஆபரேஷன் பயத்தில் எதுதான் காதில் ஏறும்?

வயது 52. பள்ளி வேன் ஓட்டுகிறவர். சில மாதங்களாகவே, இரண்டு ஓரங்களிலும் வரும் வண்டிகள் கடைசி நொடியில்தான் அவர் கண்ணில் பட்டன. கண்ணாடியை மாற்றியும் பலனில்லை. ஒருநாள் மாலை, குழந்தைகளை இறக்கிவிட்டுக் கிளம்பியபோது ஒரு சைக்கிள் நூலிழையில் தப்பியது. அன்றைக்கே வேன் சாவியை முதலாளியிடம் கொடுத்துவிட்டார்.

கண் டாக்டர் பக்கப்பார்வையைச் சோதித்துவிட்டு எம்.ஆர்.ஐ எடுக்கச் சொன்னார். மூளைக்கு அடியில், பட்டாணி அளவே இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி. புற்றுநோய் இல்லை. ஆனால், வளர்ந்து மேலேயிருக்கும் பார்வை நரம்புகளை அழுத்திக்கொண்டிருந்தது. மூக்கு வழியாக எண்டோஸ்கோப்பைச் செலுத்தி அதை எடுத்தார்கள்.

ரவுண்ட்ஸ் வந்த டாக்டரிடமும் அதே கேள்வியைக் கேட்டார்.

``சார், பஞ்சர் கடையில டியூபுக்குக் காத்தடிச்சு, தண்ணியில முக்கிப் பார்ப்பாங்கல்ல? உங்களுக்கும் அப்படித்தான் பார்த்தோம்!''

மூளையைச் சுற்றி எப்போதும் ஒரு நீர் இருக்கிறது. மூளை, முதுகுத்தண்டு எல்லாம் சேர்த்துச் சுமார் 150 மில்லிதான். ஆனால், தினமும் அரை லிட்டர் அளவுக்குப் புதிதாகச் சுரக்கும். பழையது ரத்தத்தில் கலந்துவிடும். அந்த நீருக்கும் கட்டிக்கும் நடுவே வெங்காயச் சருகுபோல ஒரு மெல்லிய சவ்வு. அதில் சின்னக் கிழிசல் விழுந்தாலும் நீர் மூக்குக்குள் இறங்கும். கண்டுகொள்ளாமல் விட்டால், அதே வழியில் கிருமி மேலேறி மூளைக்காய்ச்சல் வரை போகலாம்.

சிக்கல் என்னவென்றால், அந்த நீருக்கு நிறமே கிடையாது. ஆபரேஷன் நடக்கிற இடத்திலோ ரத்தமும், கழுவ விடுகிற சலைனும் கலந்து கிடக்கும். இதில் எது மூளை நீர்? அதனால்தான் கட்டியை எடுத்தபின், எல்லாவற்றையும் உறிஞ்சிச் சுத்தமாக்கிவிட்டுக் காத்திருக்கிறார்கள். மயக்க மருந்து டாக்டர் நுரையீரலுக்குள் காற்றழுத்தத்தைச் சில நொடிகள் ஏற்றிப் பிடிப்பார். நாம் மூச்சை அடக்கி முக்குவதுபோல. தலைக்குள்ளும் அழுத்தம் கூடும். ஓட்டை இருந்தால் காட்டிக்கொடுத்துவிடும். (முதுகுத்தண்டு வழியாக ஃப்ளோரசின் என்ற சாயத்தைத் துளியளவு செலுத்தி, பச்சையாக மின்னுகிறதா என்று பார்க்கும் டாக்டர்களும் உண்டு.)

இவருக்கு முதல் தடவை ஒன்றும் தெரியவில்லை. டாக்டருக்கு மனம் கேட்கவில்லை. இன்னொரு முறை அழுத்தச் சொன்னார். ஓர் ஓரத்தில், ரத்தத்தைக் கழுவிக்கொண்டு கண்ணாடிபோல ஒரு கோடு இறங்கியது.

``அதை அடைக்க உங்க வயித்துக் கொழுப்புலதான் கொஞ்சம் எடுத்தோம். பஞ்சர் ஒட்டியாச்சு!''

வீட்டில் மனைவியின் ராஜ்ஜியம். மூக்குச் சிந்தக் கூடாது, தும்மினால் வாயைத் திறந்து தும்மணும், குனியக் கூடாது, மலம் கழிக்க முக்கக் கூடாது. ஒன்பதாம் நாள் காலை மூக்கிலிருந்து சொட்டு விழுந்தது. ``சளிதான், ஆவி பிடிச்சா சரியாயிடும்'' என்றார் அவர். ``தண்ணியாட்டம் வந்தா உடனே வரச் சொல்லியிருக்காங்க'' என்று ஆட்டோவை அழைத்துவிட்டார் மனைவி.

ஆஸ்பத்திரியில் முன்பக்கம் குனிந்தபடி உட்காரவைத்து, மூக்குக்குக் கீழே சின்னக் குப்பியைப் பிடித்தார் நர்ஸ். மூளை நீர் என்றால் அதிலிருக்கும் ஒரு புரதத்தை லேபில் கண்டுபிடித்துவிடலாமாம். வெகுநேரம் ஆகியும் குப்பியில் ஒரு சொட்டுகூட விழவில்லை. எண்டோஸ்கோப் வைத்துப் பார்த்த டாக்டர், ``ஒட்டு நல்லாப் பிடிச்சிருக்கு. இது வெறும் சளி'' என்றார்.

திரும்பும் வழியில் ஆட்டோவில் நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தவர் சட்டென்று சொன்னார். ``தம்பி, லெஃப்ட்ல ஒரு ஸ்கூட்டி வருது.''

``பார்த்துட்டேண்ணே'' என்றார் ஆட்டோக்காரர்.

மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.