திருகாணி இல்லாத பெட்டி

சென்ற மே மாதம் அக்காள் பையன் விடுமுறைக்கு வந்தபோது சுருள்கம்பி கோத்த ஒரு காகிதக் கத்தையைச் சுமந்துகொண்டு வந்தான். நானூறு பக்கங்களுக்கு மேல் இருக்கும். பரீட்சைக்கான நோட்ஸ் என்று நினைத்தேன். ஆட்டத்தின் விதிகள் என்றான். தாயத்துக்கும் ஆடுபுலிக்கும் யாரும் விதிகளை அச்சிட்டு நான் பார்த்ததில்லை. ஆட உட்கார்ந்தால் தெரிந்துவிடும். தெரியாவிட்டால் பக்கத்தில் ஒரு கிழவி இருப்பாள். இதற்கு நானூறு பக்கம்.

"ஒரு ஆள் குறையுது மாமா, நீங்களும் வாங்க" என்றான்.

அவனுடைய நண்பர்கள் இருவர், நான், நடத்துபவனாக அவன். மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்றுக்கொண்டு, பேசிப் பேசியே கதையை நகர்த்த வேண்டும். காரியம் பலிக்குமா பலிக்காதா என்ற சந்தேகம் வரும் இடத்தில் பத்து முகங்கள் உள்ள பகடையை உருட்ட வேண்டும். கூடத்தில் சாய்வு நாற்காலியில் அப்பா பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, படிக்காமல், எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

இந்தப் பத்திரிகையில் இதையெல்லாம் எழுதுவதற்கு ஒரு சமாதானம் சொல்ல வேண்டும். ஆசிரிய நண்பர் என்னிடம் கேட்டிருந்தது ஒரு கவிதைத் தொகுப்புக்கு மதிப்புரை. அது வரும். ஆனால் இந்த ஆறு மாதங்களில் நான் உண்மையில் கவனத்தோடு, அடிக்கோடிட்டுப் படித்த புத்தகம் அந்த விதிப் புத்தகம்தான். அதிலும் குறிப்பாக, உடம்புக்குள் பொருத்திய கருவிகளைப் பழுது பார்ப்பதும் மேம்படுத்துவதும் பற்றிய பக்கங்கள்.

ஆட்டத்தின் பெயர் சைபர்பங்க். மைக் பாண்ட்ஸ்மித் என்ற அமெரிக்கர் 1988ல் முதல் பதிப்பைக் கொண்டுவந்தார். 1990ல் இரண்டாவது. எங்கள் மேஜையில் இருந்தது 2020ல் வெளியான 'ரெட்' என்ற பதிப்பு. கலிஃபோர்னியாக் கடற்கரையில் கற்பனையாக ஒரு நகரம். பெரிய கம்பெனிகள் அரசாங்கங்களைவிடப் பலம் பெற்றுவிட்ட காலம். மனிதர்கள் கண்ணை எடுத்துவிட்டு லென்ஸ் வைத்துக்கொள்கிறார்கள், கையை வெட்டிவிட்டு உலோகக் கை மாட்டிக்கொள்கிறார்கள். வில்லியம் கிப்ஸனின் நியூரோமான்ஸர் (1984) படித்தவர்களுக்கு இந்தக் காற்று பரிச்சயமானது. நகத்தடியில் கத்திகளும் கண்குழிகளை மூடிய கண்ணாடியுமாக அதில் வருகிற பெண்ணை மறக்க முடியாது. ஆனால் நாவலாசிரியனுக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது. அந்தக் கத்தி துருப்பிடித்தால் யார் பார்ப்பார்கள், எவ்வளவு கேட்பார்கள் என்று அவன் சொல்லாமல் அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடலாம். ஆட்டத்துக்கு அது முடியாது. மேஜைக்கு எதிரே உட்கார்ந்திருப்பவன் கேட்டுவிடுவான். பதில் அட்டவணையாக இருந்தாக வேண்டும்.

குமாஸ்தாவுக்கு அட்டவணை பிடிக்கும். எனக்கு முதலில் பிடித்தது மனிதத்தன்மைக் கணக்கு. பாத்திரத்துக்கு, பிறர்பால் ஒட்டுதல் என்று ஒரு குணம், எண்ணாகக் கொடுக்கப்படுகிறது. அதைப் பத்தால் பெருக்கினால் மனிதத்தன்மையின் ஆரம்ப இருப்பு. ஆறு என்றால் அறுபது. ஒரு செயற்கைக் கண் வைத்தால் சாதாரணப் பகடை இரண்டை உருட்டி வருகிற தொகையை இருப்பிலிருந்து கழிக்க வேண்டும். இருப்பு பத்துப் பத்தாக இறங்கும்போது ஒட்டுதலும் ஒவ்வொன்றாகக் குறையும். பூஜ்யத்துக்குக் கீழே போனால் பாத்திரம் உங்கள் கையைவிட்டுப் போய்விடும். நடத்துபவன் அதை எடுத்துக்கொண்டு வெறிபிடித்தவனாக உலவ விடுவான். கருவியைக் கழற்றிவிட்டேன் என்றால் மட்டும் கழித்தது திரும்பாது. மனச் சிகிச்சைக்கென்று நாளும் பணமும் செலவழித்துத்தான் கொஞ்சம் மீட்க வேண்டும்.

1989ல் வந்த ஷேடோரன் என்ற இன்னொரு ஆட்டத்தில் கணக்கு இன்னும் கறார். எல்லோருக்கும் சாரம் ஆறு. கருவி வைத்தால் குறையும். அதே கருவியின் உயர்ந்த ரகம் வாங்கினால் பணம் கூட, சாரம் குறைவாகப் போகும். மட்டரகத்தை எடுத்துவிட்டு உயர்ந்த ரகம் வைத்தால் வித்தியாசம் திரும்புமா? திரும்பாது. ஆனால் அந்த வித்தியாசம் ஒரு குழியாக நின்றுகொண்டிருக்கும், பிறகு வைக்கும் கருவி அந்தக் குழிக்குள் போய்க்கொள்ளலாம் என்கிறது விதி. பொருளை எடுத்துக்கொண்டு போன பிறகும் உங்கள் பெயரிலேயே இருக்கிற காலி லாக்கர் மாதிரி. இழப்பைப் பற்றி இவ்வளவு ஸ்தூலமாக யோசித்தவர்களை நம் எழுத்தில் அதிகம் காணோம்.

எனக்குக் கிடைத்த பாத்திரம் மெக்கானிக். ஆட்டத்தில் 'டெக்' என்கிறார்கள். அவனுக்கு நான்கு வித்தைகள்: களத்தில் சமாளிப்பது, மேம்படுத்துவது, இருப்பதைப் பார்த்துச் செய்வது, இல்லாததைக் கண்டுபிடிப்பது. களத்தில் சமாளிப்பது என்பது நம் ஊர் கட்டுக்கம்பி வைத்தியம். சண்டைக்கு நடுவே கை நின்றுவிட்டது என்றால் உடனே ஒட்டுப்போட்டு ஓட வைக்கலாம். ஆனால் அவன் தேர்ச்சிக்குத் தகுந்தபடி பத்துப் பத்து நிமிஷங்கள்தான். அப்புறம் மறுபடி நின்றுவிடும். முறையாகப் பழுது பார்க்காமல் இரண்டாம் தடவை ஒட்டுப்போட முடியாது. இதை எழுதியவன் எங்கோ நிஜமாகவே ஒரு பட்டறையில் நின்றிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. மேம்படுத்தும் விதியும் நியாயமானதுதான். ஒரு பொருளை ஒரு தடவைதான் மேம்படுத்தலாம். பதிப்புக்குப் பதிப்பு கவிதையைத் திருத்திக்கொண்டிருக்கும் நண்பர்கள் சிலருக்கு இதைப் பரிந்துரைக்கலாம்.

சிக்கல் முறையான பழுதுபார்ப்பில் வந்தது. என் கூட்டாளி ஒருவனின் செயற்கைக் கண் அணைந்துவிட்டது. என் திறமையின் எண், சைபர்டெக் பயிற்சியின் எண், பகடையில் விழுவது மூன்றையும் கூட்டினால் குறித்த இலக்கைத் தாண்ட வேண்டும். இலக்கு எவ்வளவு? அது பொருளின் விலையைப் பொறுத்தது என்றான் பையன். மலிவான சாமானுக்குச் சின்ன எண், விலை ஏற ஏறப் பெரிய எண். ஆகும் நேரமும் அப்படியே, மணிக்கணக்கிலிருந்து வாரக்கணக்குக்குப் போகும்.

பேப்பர் கீழே இறங்கியது.

"விலைக்கும் ரிப்பேருக்கும் என்னடா சம்பந்தம்?" என்றார் அப்பா.

பையன் விளக்கினான். விலை அதிகம் என்றால் உள்ளே நுட்பம் அதிகம், ஆகவே கஷ்டம் அதிகம்.

"வால்வ் ரேடியோ அன்னிக்கு ஒருத்தன் பல மாசச் சம்பளம். நாலு திருகாணி கழட்டினா முதுகு கையோட வந்துரும். உள்ளே எந்த வால்வ் எங்கேன்னு காகிதம் ஒட்டியிருப்பான். இன்னிக்கு அம்பது ரூபாய்க்கு ஒரு எஃப்எம் செட் விக்கிறான், அதைத் தொறந்து பாரு. உடைச்சாத்தான் தொறக்கும். எது கஷ்டம்?"

அப்பா இருபத்தைந்து வருஷங்களுக்கு மேல் ரேடியோ ரிப்பேர்க் கடை வைத்திருந்தவர். அந்தக் கடையின் ஈயப் புகையில்தான் நான் ஆங்கில இலக்கியம் படித்தேன். பையன் புத்தகத்தைப் புரட்டினான். திறக்கவே முடியாதபடி செய்யப்பட்ட பொருளுக்கு எங்கள் யார் கண்ணிலும் விதி படவில்லை.

அன்றிரவு வெகுநேரம் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த ஆட்டத்தின் உலகம் எவ்வளவு இருண்டது. கம்பெனிகள் கொலை செய்கின்றன, நகரங்களை அழிக்கின்றன. மனிதனின் ஒட்டுதலைக்கூடத் தவணையில் தேய்க்கிறார்கள். ஆனால் அதே கம்பெனி செய்த கண்ணை, தெருமுனை மெக்கானிக் ஒருவன் திறந்து, பார்த்து, புரிந்துகொண்டு, சரிசெய்துவிட முடியும். போதுமான எண் விழ வேண்டும், அவ்வளவுதான். அவநம்பிக்கையை எல்லாம் கொட்டி எழுதியவர், தன்னை அறியாமல் ஒரு பெரிய நம்பிக்கையைப் பழுதுபார்க்கும் அட்டவணையில் ஒளித்து வைத்துவிட்டார். அந்தப் புத்தகத்தில் கற்பனையின் உச்சம் உலோகக் கை அல்ல. எதையும் திறக்கலாம் என்பதுதான்.

நிஜத்தில் நடந்ததைச் சொல்கிறேன். ஆர்கஸ் 2 என்ற செயற்கை விழித்திரை, ஸெகண்ட் ஸைட் என்ற கலிஃபோர்னியா கம்பெனி செய்தது. கண்ணாடிச் சட்டத்தில் காமிரா, இடுப்பில் ஒரு பெட்டி, விழித்திரையின் மேல் அறுபது மின்முனைகள். 2011ல் ஐரோப்பாவிலும் 2013ல் அமெரிக்காவிலும் அனுமதி கிடைத்தது. உலகம் முழுவதும் முந்நூற்று ஐம்பது பேருக்கு மேல் வைத்துக்கொண்டார்கள். முழுப் பார்வை இல்லை, ஒளியும் நிழலும் விளிம்புகளும். குருடாக இருந்தவனுக்கு அதுவே உலகம். 2019ல் கம்பெனி அதைச் செய்வதை நிறுத்தியது. 2020ல் ஊழியர்களில் பெரும்பாலோரை வீட்டுக்கு அனுப்பியது. வைத்துக்கொண்டவர்கள் கண்ணுக்குள் கம்பெனி இல்லாத கருவியோடு நின்றார்கள். உதிரிப் பாகம் கிடையாது, பார்த்துத் தருவாரும் கிடையாது. ஐஇஇஇ ஸ்பெக்ட்ரம் பத்திரிகை 2022ல் விரிவாக எழுதிய பிறகுதான் வெளியே தெரிந்தது. இவர்களுடைய மனிதத்தன்மைக் கணக்கில் எதைக் கழிப்பது? கருவியைப் பொருத்திய அன்று கழிப்பதற்கு ஒன்றுமில்லை, வரவு வைக்க வேண்டிய நாள் அது. ஆட்டம் வைக்கும் அன்று கழிக்கிறது. கைவிடப்படும் அன்று கழிப்பதற்கு அதில் பகடை இல்லை.

எனக்கு இதில் இவ்வளவு அக்கறை ஏன் என்று கேட்கலாம். அப்பாவின் இடது தோளெலும்புக்குக் கீழே ஒன்பது வருஷங்களாக ஒரு பேஸ்மேக்கர் இருந்தது. மனிதத்தன்மைக் கணக்கைக் கேட்ட அன்றே அவர் பையனிடம், "எனக்கு எத்தனைடா கழிப்பே?" என்று கேட்டார். அவன் கொஞ்சம் திணறிவிட்டு, "உங்களுக்குக் கழிக்க மாட்டேன் தாத்தா" என்றான். நடத்துபவனின் தீர்ப்பு அது. அப்பீல் கிடையாது.

ஜூலையில் அவருக்கு நடக்கும்போது மூச்சு வாங்கியது. பாட்டரி எவ்வளவு மிச்சம் என்று பார்க்க, பெட்டிக்கு மேலே ஒரு கருவியைக் காட்டிப் படிக்க வேண்டும். ஒரு கம்பெனியின் பெட்டியை அந்தக் கம்பெனியின் கருவிதான் படிக்கும். நாங்கள் போன ஆஸ்பத்திரியில் வேறு கம்பெனியின் கருவி இருந்தது. எங்களுடையதன் பிரதிநிதி வெளியூரிலிருந்து வர இரண்டு நாள் ஆகும் என்றார்கள். அந்த இரண்டு நாளும் நான் லீவு போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அப்பாவுக்குக் கோபம் வரவில்லை, வியப்புதான். "ஸ்டேஷன் எதுவானாலும் ரேடியோ ஒண்ணுதானேடா" என்றார்.

நியாயமாகச் சொன்னால் பெட்டியை மூடி வைத்திருப்பதில் தப்பில்லை. உடம்பு உப்புத் தண்ணீர். 1958ல் ஸ்டாக்ஹோம் கரோலின்ஸ்காவில் ஆர்னே லார்ஸன் என்பவருக்கு முதன்முதலில் உடம்புக்குள் வைத்த பேஸ்மேக்கர், எபாக்ஸிப் பசையை ஷூ பாலிஷ் டப்பாவில் ஊற்றி வார்த்தது. எல்ம்க்விஸ்ட் என்ற பொறியாளர் செய்தார், ஸென்னிங் என்ற டாக்டர் வைத்தார். சில மணி நேரத்தில் நின்றுவிட்டது. மாற்றுக்கு இன்னொன்று இருந்தது. லார்ஸன் அதற்குப் பிறகு இருபதுக்கும் மேற்பட்ட பேஸ்மேக்கர்களை மாற்றிக்கொண்டு, செய்தவரும் வைத்தவரும் இறந்த பிறகும் இருந்து, 2001ல் எண்பத்தாறு வயதில் வேறு நோயில் போனார். ஈரம் புகாத டைட்டானியக் கூடு பிற்பாடு வந்தது. அது வேண்டியதுதான். ஆனால் படிக்கும் கருவிக்கு என்ன உப்புத் தண்ணீர்? அதை யார் படிக்கலாம் என்பதைப் பூட்டி வைத்தது உடம்பு அல்ல.

அப்பாவிடம் லார்ஸன் கதையைச் சொன்னேன். பாலிஷ் டப்பா என்றதும் சிரித்தார். அவர் திருகாணிகளைப் போட்டு வைப்பது அதில்தான்.

பாட்டரி முடியும் தறுவாயில் இருந்தது. பெட்டியை மட்டும் மாற்றலாம், அல்லது இன்னொரு ஒயரையும் உள்ளே செலுத்தி, இதயத்தின் இரண்டு அறைகளையும் பார்த்துக்கொள்ளும் புது ரகம் வைக்கலாம் என்றார் டாக்டர். மேம்படுத்துவது. எனக்கு அதில் ஆசைதான். மூச்சு வாங்குவது குறையலாம் என்றார்கள். வங்கியில் ஊழியருக்கான கடனுக்கு மனுகூட எழுதிவிட்டேன். அப்பா மறுத்துவிட்டார். "ஓடுற ஒயரை ஏன் தொடணும்? புது ஒயர் போட்டா புது ரிப்பேரும் கூடவே வரும். பெட்டிய மட்டும் மாத்துங்க சார்" என்றார் டாக்டரிடம். நான் வாதாடினேன். வெளியே வந்து, "நீங்க பணத்தை நெனச்சுத்தானே வேண்டாங்கறீங்க?" என்றும் கேட்டுவிட்டேன். பதில் சொல்லவில்லை. சரியாகச் செய்தோமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மாடிப்படி ஏறும்போது அவர் நிற்கிற இடத்தை இப்போதும் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன். ஏழாவது படி.

ஆகஸ்டில் மாற்றினார்கள். பழைய பெட்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். கொடுக்க முதலில் தயங்கினார்கள். பிறகு சுத்தம் செய்து, ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்த நாலாம் நாள், தையல் பிரிப்பதற்கு முன்பே, பழைய மேஜை விளக்கைப் போட்டுக்கொண்டு, பூதக்கண்ணாடியில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு விரல் அகலம்கூட இல்லாத, ஓரம் உருண்ட தகடு.

"ஒரு திருகாணி இல்லையேடா" என்றார்.

தீபாவளிக்குப் பையன் வந்தபோது தாத்தா அதை அவனிடம் கொடுத்து, திறக்க எத்தனை எண் வேண்டும் என்று கேட்டார். அவன் நெடுநேரம் கையில் வைத்திருந்துவிட்டு, "இருபத்தி ஒன்பது" என்றான். பத்து முகப் பகடையை அவரே உருட்டினார். மூன்று விழுந்தது.

கடையை மூடியபோது தூக்கிப்போடாமல் வைத்திருந்த ரிப்பேர் நோட்டில் அதற்கு ஒரு வரி எழுதியிருக்கிறார். தேதி, செட்டின் நம்பர், சொந்தக்காரர் என்ற இடத்தில் அவர் பெயர். பழுது என்ற கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறார்.